ஒரு மாத பென்ஷன் = 30 டயப்பர்: சிறுநீர்க் கசிவின் செலவை இதுவரை யார் சுமந்தார்கள்?

1/
ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 2023 ஆகஸ்ட் வரைக்கும் அது 1,000 ஆக இருந்தது. பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிராண்டைப் பொறுத்து கூடும், குறையும்.

1,200-ஐ 40-ஆல் வகுத்தால் 30. ஒரு நாளைக்கு 4 மாற்றினால் ஏழரை நாளில் பென்ஷன் காலி. மாதத்தில் மீதி இருபத்திரண்டு நாளுக்கு?

2/
பென்ஷனை நம்பாத நடுத்தரக் குடும்பத்துக்கும் இது லேசான விஷயம் இல்லை. ஒரு நாளைக்கு 160. மாதத்துக்கு 4,800. வருஷத்துக்கு 57,600 ரூபாய்.

முழங்கால் ஆபரேஷனுக்கு ஆன செலவை நாம் சொந்தக்காரர்களிடம் சொல்லுவோம். இதைச் சொல்ல மாட்டோம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் டாக்டர் அறைக் கதவு வரை போய், திரும்பி நின்று, "இன்னொண்ணு கேக்கணும் டாக்டர்..." என்று தாழ்ந்த குரலில்தான் வரும்.

அதனால் இன்று இந்தச் செலவின் வரலாற்றைப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான த்ரெட். நிதானமா படிங்க. கடைசியில் செலவைக் குறைக்கும் வழிகளும் இருக்கு.

3/
"அந்தக் காலத்துல டயப்பரா வாங்கினோம்? பழைய வேட்டியை வெச்சே சமாளிச்சோமே!" இதைச் சொல்லாத வீடு கிடையாது.

உண்மைதான். நைந்த வேட்டி, பழைய வாயில் புடவை, கிழித்து மடித்த பழந்துணி. துணிக்குக் காசு இல்லை. ஆனால் அந்தத் துணியை யார் அலசினார்கள்?

முதல் அலசல் எப்போதும் வீட்டுப் பெண்தான். மாமியாருக்கு மருமகள், அப்பாவுக்கு மகள். கொல்லைப்புறம், கிணற்றடி, விடியற்காலை. மடி, தீட்டு பார்க்கும் வீடென்றால் அதன்பின் ஒரு குளியல், பிறகு அடுப்படி. இப்படி வருஷக்கணக்கில்.

4/
அடுத்த கை, வண்ணாருடையது.

பெசன்ட் நகருக்கும் அடையாறுக்கும் நடுவில் வண்ணாந்துறை என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கு. தினம் அதைத் தாண்டிப் போகிறோம். பெயரை யோசிக்கிறதில்லை. வடக்கே வண்ணாரப்பேட்டை. இந்த நகரம் யார் கையால் சுத்தமாக இருந்தது என்பது அதன் பெயர்ப்பலகைகளிலேயே எழுதியிருக்கு.

கிராமங்களில் இன்னும் கொடுமை. தூமைத் துணி, பிரசவத் துணி, நோயாளியின் துணி, இறந்தவரின் துணி எல்லாம் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது. கூலி என்பது வீடு வீடாகப் போய் வாங்கும் ஊர்ச்சோறும், அறுப்புக் காலத்துத் தானியமும். தலித் மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார் நிலை அதிலும் கீழே. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல் அந்த வாழ்க்கையைத்தான் சொல்கிறது. அவர்களுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் வந்ததே 2009-இல்தான்.

5/
ஆக, "அந்தக் காலத்தில் செலவே இல்லை" என்பது தப்புக் கணக்கு. செலவு இருந்தது. அது ரசீதில் வரவில்லை. சம்பளம் இல்லாத பெண்ணின் முதுகிலும், சாதியால் கட்டிப்போடப்பட்டவரின் கையிலும் அது எழுதப்பட்டது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு மேலே படிங்க. இந்த வரலாறு முழுக்க இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: யார் சுமக்கிறார்கள்?

6/
துணிக்கு அடுத்து வந்தது ரப்பர்.

நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்கள் "மேக்கின்டாஷ் போடுங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. படுக்கை நனையாமல் போடும் ரப்பர் ஷீட். அது ஒரு மனிதரின் பெயர். ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டாஷ், 1823-இல் ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்காக வந்த துணி, மெத்தையைக் காப்பாற்றப் போனது.

கவனிங்க, அது மெத்தையைத்தான் காப்பாற்றியது. மேலே படுத்திருந்தவர் ஈரத்திலேயே கிடந்தார். ரப்பர் ஷீட்டும் ஈரமும் சேர்ந்தால் படுக்கைப்புண்ணுக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

7/
இனி இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1935, லண்டன்.

மார்ஜரி வாரன் என்ற டாக்டரின் பொறுப்பில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குப் பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள் வருகிறார்கள். எழுநூறுக்கும் மேல். பெரும்பாலும் வயதானவர்கள். பலர் வருஷக்கணக்கில் படுக்கையில், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல். "இனி இவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒதுக்கப்பட்டவர்கள்.

வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். என்ன நோய் என்று பிரித்தார். எழுப்பி உட்கார வைத்தார், நடக்க வைத்தார், கழிப்பறைக்குப் போகப் பழக்கினார். கணிசமான பேர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்ற தனித் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

ஈரமான படுக்கையைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்று சொல்லாமல் "ஏன்?" என்று கேட்டதுதான் அவர் செய்த புரட்சி.

8/
அதே பிரிட்டன் 1968-இல் ஒரு சட்டம் போட்டது. உடல்நலமில்லாதவர், வயதானவர் இருக்கும் வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்பு சலவை வசதி செய்து தரலாம் என்றது. அழுக்குத் துணி துவைப்பதை அரசின் வேலையாக ஒரு நாடு எழுதி வைத்தது! இன்றும் அங்கே நர்ஸ் மதிப்பீடு செய்து, தேவைப்படுபவருக்கு பேடுகள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அது போதவில்லை என்ற புகாரும் உண்டு. ஆனாலும் அது உரிமை. யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

9/
செலவைக் குறைத்த இரண்டு மருத்துவக் கண்டுபிடிப்புகளையும் சொல்லணும். ரெண்டுக்குமே மெஷின் வேண்டாம்.

ஒன்று: 1948-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் சொன்ன இடுப்புத்தள தசைப் பயிற்சி. இருமினால், தும்மினால் கசியும் பெண்களுக்கு இன்றும் முதல் சிகிச்சை அதுதான். விலை: பூஜ்ஜியம்.

இரண்டு: 1972-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. அதற்கு கதீட்டர் போட ஆபரேஷன் தியேட்டர் மாதிரி கிருமிநீக்கம் தேவை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். லாபிடஸ் சொன்னார்: கையைக் கழுவி, சுத்தமான கதீட்டரை நோயாளியே நேரத்துக்குப் போட்டு எடுத்தால் போதும். சிறுநீர்ப்பை நிரம்பி வழியாமல் இருப்பதுதான் முக்கியம். ஏழை நாடுகளில் எத்தனையோ பேரை வேலைக்கும் படிப்புக்கும் திருப்பி அனுப்பிய யோசனை இது.

10/
இப்போ சென்னைக்கு வருவோம்.

பிரிட்டனில் முதியோர் மருத்துவம் பயின்று வந்த டாக்டர் வி.எஸ். நடராஜன், 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 1988-இல் தனி வார்டு. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு. இந்தியாவுக்கே முன்னோடி. 2012-இல் அவருக்கு பத்மஸ்ரீ.

2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. அடையாறிலிருந்து பத்து நிமிஷம், டிராஃபிக் இல்லாவிட்டால். கசிவுப் பிரச்சினையை வெட்கப்படாமல் சொல்லக்கூடிய இடம் உங்க வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கு. தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

11/
சரி, டயப்பர் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப்போர் சமயம் ஸ்வீடனில் பருத்தித் தட்டுப்பாடு. மரக்கூழ் அடுக்குகளை வைத்து பேடு செய்து பார்த்தார்கள். மரக்காடு அவர்களிடம் நிறைய இருந்ததே!

1961-இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் பாம்பர்ஸ் சோதனை விற்பனைக்கு வந்தது. ஒன்று 10 சென்ட். என்ன ஆச்சு தெரியுமா? ஓடவில்லை. பொருள் நன்றாக இருக்கு, விலை கட்டுப்படியாகலை என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். உற்பத்தி முறையை மாற்றி, ஏறக்குறைய 6 சென்டுக்குக் கொண்டுவந்த பிறகே விற்றது.

பணக்கார அமெரிக்காவே டயப்பர் விலையைப் பார்த்துப் பின்வாங்கிய வரலாறு இது. நீங்க மெடிக்கல் ஷாப்பில் பாக்கெட்டைத் திருப்பி விலை பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

12/
அதே பியோரியாவில் அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. மக்காச்சோள மாவுச்சத்தை வைத்து தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளை 1970-களில் அங்கே செய்தார்கள். செல்லப் பெயர் 'சூப்பர் ஸ்லர்ப்பர்'. வயலில் ஈரம் காக்க உதவும் என்று நினைத்தார்கள்.

அந்த வகைப் பொருள்களின் வாரிசுதான் இன்றைய டயப்பருக்குள் இருக்கும் ஜெல் துகள். தூய நீரைத் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அதைவிட நிறையக் குறைவாகத்தான் பிடிக்கும். 1980-களில் பெரியவர்களுக்கான டயப்பர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கடைக்கு வந்தது.

13/
சென்னை வீடுகளுக்குள் அது நுழைந்த விதத்தைக் கவனிங்க.

மயிலாப்பூர் தெருக்களில் தனி வீடுகள் ஃபிளாட் ஆயின. கொல்லைப்புறம் போச்சு, கிணற்றடி போச்சு. மருமகள் வேலைக்குப் போகிறார். மகன் நியூஜெர்சியில். பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒரு அட்டெண்டர். ஈரத் துணியை உலர்த்த ஒரு பால்கனி, அதுவும் எதிர் ஃபிளாட்டுக்குத் தெரியும்படி.

அப்புறம் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டதே! லாரித் தண்ணீரைக் குடத்தில் எண்ணிப் பிடித்த நாட்களில், தினம் ஆறு துணி அலச யாரால் முடியும்? துணி 'இலவசம்' என்றால் தண்ணீரும் இலவசமாக இருக்கணும், ஒரு பெண்ணின் நேரமும் இலவசமாக இருக்கணும். இரண்டுமே இல்லாமல் போனபோது டயப்பர் ஆடம்பரம் என்ற நிலை மாறிப்போச்சு.

14/
ஆனால் அரசின் கணக்கில்?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சானிட்டரி நாப்கினுக்கும் டயப்பருக்கும் 12%. பெண்கள் நாடு முழுக்கப் போராடினார்கள். 2018 ஜூலையில் நாப்கினுக்கு வரி நீங்கியது. நியாயமான வெற்றி.

டயப்பருக்கு 12% அப்படியே நின்றது. ஏன்? படுக்கையில் இருக்கும் 80 வயது பாட்டி ஊர்வலம் போக முடியாது. பார்த்துக்கொள்ளும் மகளுக்கு வெளியே வர நேரம் கிடையாது. ஏழு வருஷத்துக்கும் மேல் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் கிளினிக்கல் டயப்பருக்கு 5% ஆனது. வரிக்குறைப்பு முழுசாக உங்களுக்கு வந்தால், பழைய 4,800 ரூபாய் 4,500 ஆகணும். மாதம் 300 ரூபாய். பாக்கெட்டில் விலை குறைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.

15/
இன்சூரன்ஸ்? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், பாலிசி பணம் தரத் தேவையில்லாத பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் "எந்த வகை டயப்பரும்" என்று இருக்கு. சானிட்டரி பேடும் இருக்கு. சலவைக் கட்டணமும் இருக்கு!

அதாவது, டயப்பர் வாங்கினாலும் பணம் இல்லை, துணி துவைத்தாலும் பணம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும்போதே இந்த நிலை. சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்தப் பட்டியல் பொருள்களுக்கும் தருவார்கள். உங்க பாலிசியை ஒருமுறை பார்த்துக்கோங்க.

16/
வேறு மாதிரி செய்ய முடியாதா? ஜப்பானைப் பாருங்க.

2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு தொடங்கினார்கள். பல நகராட்சிகள் டயப்பருக்கு உதவி தருகின்றன. ஆறு மாதத்துக்கு மேல் படுக்கையில் இருப்பவருக்கு "டயப்பர் தேவை" என்று டாக்டர் சான்று கொடுத்தால், அந்தச் செலவை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். ஒரு டாக்டர் கையெழுத்தால் இவ்வளவு ஆகும்!

தமிழ்நாட்டாலும் முடியும். வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டத்தை 2011-லேயே கொண்டுவந்த மாநிலம் இது. மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-இல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6%. 2031-இல் 18.2%. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இன்று இது உங்க மாமியார் பிரச்சினை. நாளைக்கு நம்ம பிரச்சினை.

17/
வரலாறு போதும். இப்போ நடைமுறைக்கு வருவோம்.

முதலில் எதைச் செய்யக்கூடாது. செலவைக் குறைக்க வீடுகளில் நடப்பது மூன்று.

ஒன்று, தண்ணீரைக் குறைப்பது. சென்னை வெயிலில் இது ஆபத்து. சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலாகும், மலச்சிக்கல் வரும், கிருமித்தொற்று வரும். கசிவு கூடும்.

இரண்டு, ஒரே டயப்பரை 12 மணி நேரம் விடுவது. ஜெல் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் மேலே காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே தோல் வெந்துகொண்டிருக்கும். படுக்கைப்புண் வந்தால் அதன் டிரெஸ்ஸிங் செலவு டயப்பரைவிடப் பல மடங்கு.

மூன்று, பெரியவர்களே வெளியே போவதை நிறுத்திவிடுவது. கபாலி கோயில், கல்யாணம், வாக்கிங் எல்லாம் கட். இந்தச் செலவுக்கு ரசீதே கிடையாது.

18/
செய்ய வேண்டியதில் முதலாவது, காரணத்தைத் தேடுவது. 1980-களில் நீல் ரெஸ்னிக் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர், சரிசெய்யக்கூடிய காரணங்களை டாக்டர்கள் மறக்காமலிருக்க "டயப்பர்ஸ்" என்ற சொல்லையே சூத்திரமாக்கினார். அதன் சாரம்:

• திடீர் மனக்குழப்பம்
• சிறுநீர்த் தொற்று
• மாதவிடாய் நின்றபின் வரும் பிறப்புறுப்பு வறட்சி
• மாத்திரைகள் (நீர் பிரிய வைப்பவை, தூக்க மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள்)
• மனச்சோர்வு
• அதிக சிறுநீர் (நம்ம ஊரில் முக்கியமாகக் கட்டுப்படாத சர்க்கரை)
• நடமாட்டக் குறைவு
• மலச்சிக்கல்

இதில் ஒன்றைச் சரிசெய்தாலே நாலு டயப்பர் இரண்டாகலாம். சிலருக்குத் தேவையே இல்லாமல் போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போங்க.

ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை: சொட்டுச் சொட்டாக எப்போதும் கசிந்தால், புராஸ்டேட் அடைப்பால் பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். அதற்கு டயப்பர் கட்டினால் நோய் மறைந்து கிட்னி கெடும்.

19/
இரண்டாவது, நேரம். இரண்டு இரண்டரை மணிக்கு ஒருமுறை, கேட்காவிட்டாலும் கழிப்பறைக்கு அழைத்துப் போங்க. முடியாதவருக்குக் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி. ஆண்களுக்கு யூரினல். ராத்திரி வழியில் ஒரு சின்ன விளக்கு. இவை ஒருமுறைச் செலவு.

மூன்றாவது, கலந்து பயன்படுத்துவது. ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் முழு டயப்பர். பகலில் வீட்டில் சின்ன பேடு, கீழே துவைத்துப் பயன்படுத்தும் விரிப்பு. இடுப்பளவை டேப் வைத்து அளந்து வாங்குங்க. பெரிய சைஸ் அதிகம் தாங்கும் என்பது தப்பு. ஓரத்தில் கசிந்து, இரண்டாகச் செலவாகும்.

நான்காவது, வாங்கும் இடம். முதலில் சின்ன பாக்கெட் வாங்கிச் சரிபாருங்க. சரியென்றால் மொத்தமாக, பார்க் டவுன் பக்கத்து சர்ஜிகல் கடைகளில் விலை கேளுங்க. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரிங்க. ஒரே ஃபிளாட்டில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து பெட்டியாக வாங்கலாம். அதற்கு முதலில் பேசணும்!

20/
ஐந்தாவது, இருக்கும் உதவி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 முதல்) படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே வலிதணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்க. தண்டுவடக் காயம், பார்கின்சன் போன்றவற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் துறையின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கு. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நிறைய.

21/
கடைசியாக ஒரு கை பாக்கி இருக்கு.

பயன்படுத்திய டயப்பரைக் குப்பையோடு குப்பையாகப் போடுகிறோம். அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். 2016 திடக்கழிவு விதிகள், இவற்றைச் சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தன. சுற்றுவதற்கான உறை தரவேண்டியது உற்பத்தியாளரின் பொறுப்பு என்றும் சொல்லியிருந்தன. உங்க பாக்கெட்டில் உறை வந்ததா? வராவிட்டால் செய்தித்தாளில் சுற்றி, அடையாளம் வைத்து, தனியாகக் கொடுங்க.

வண்ணாந்துறையில் அன்று ஒருவர் சுமந்ததை இன்று பெருங்குடிக் குப்பை மேட்டில் இன்னொருவர் சுமக்கக் கூடாது.

22/
ஆக, செலவு என்றைக்கும் இருந்தது. அதைச் சில பேர் தலையில் மட்டும் கட்டினோம். இனி அதை எல்லோரும் பகிரணும். வரியில் கொஞ்சம் இறங்கியிருக்கு. காப்பீட்டில் இறங்கணும். பொதுவிநியோகத்திலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தேவைப்படும் முதியவருக்கு மாதம் ஒரு பாக்கெட்டாவது கிடைக்கணும். கேட்கிற குரல் இருந்தால் கிடைக்கும். நாப்கினுக்குக் கிடைத்ததே!

இன்று வீட்டில் ஒன்று செய்யுங்க. பெரியவரிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்க: "ஒண்ணுக்கு அடக்க முடியாம கஷ்டமா இருக்காம்மா?" அவர் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருக்கலாம். சொன்னார் என்றால் டயப்பர் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் கூட்டிப் போங்க.

தேவைப்படும் வீட்டுக்கு இதைப் பகிருங்க.